ரெட்பா ஏரியில் ஒரு படகுச் சவாரி

செனகலின் தலைநகரான டக்காருக்கு வடகிழக்கே, மணல்மேடுகள் மட்டும் கடலிலிருந்து பிரிக்கும் ரெட்பா ஏரியில், உள்ளூர்ப் படகோட்டிகள் கழியால் உந்திச் செலுத்தும் மரப்படகுச் சவாரி நிறைவளித்தது. துனாலியெல்லா சலினா என்னும் நுண்பாசி நீருக்குத் தரும் இளஞ்சிவப்பைக் காண வறண்ட மாதங்களில், நண்பகல் வெயிலில் செல்ல வேண்டும். காலையில் சென்ற எனக்கு நீர் மங்கிய பழுப்பாகவே தெரிந்தது. 2022ஆம் ஆண்டு வெள்ளநீர் புகுந்து நிறமே சிலகாலம் மறைந்துபோனதைப் படகோட்டி விளக்கினார். இடுப்பளவு உப்புநீரில் நின்று, தோல் புண்ணாகாதிருக்க ஷியா மரக்கொட்டையிலிருந்து எடுக்கும் ஷியா வெண்ணெய் பூசிக்கொண்டு, ஏரியடி உப்பைக் குத்திப் பெயர்த்துக் கூடையில் அள்ளும் தொழிலாளர்களைக் கேட்காமல் படமெடுக்க வேண்டாமென்று அவர் முதலிலேயே சொன்னது எனக்குப் பிடித்தது.

அதே சவாரியோடு சேர்த்து விற்கப்படும் நான்கு சக்கர மோட்டார் வண்டிப் பயணத்தை நான் பரிந்துரைக்க மாட்டேன். 2007 வரை பல ஆண்டுகள் டக்கார் நெடுந்தூர மோட்டார் வாகனப் பந்தயம் முடிவடைந்த இம்மணல்மேடுகளில் சக்கரத் தடங்கள் செடிகொடிகளை நசுக்கி மணலை இளக்குகின்றன. கரையோரம் பயணிகள் விட்டுச்சென்ற நெகிழிப் புட்டிகளுக்குக் குப்பைத்தொட்டி ஒன்றுகூட என் கண்ணில் படவில்லை. படகுக்கு நான்கு நட்சத்திரம், வண்டிக்கு ஒன்று.