‘போர்த்துக்கீசக் கப்பித்தான் வம்சம்’ என்று யாராவது வந்தால் அசல் சான்றிதழைக் கொடுத்துவிடாதீர்கள்

பர்னாந்து, மிராண்டா, மோத்தா, கோமஸ், வாஸ் என்று பெயர் முடிகிற முத்துக்குளித்துறை (தூத்துக்குடிப் பக்கத்துக் கடற்கரை) குடும்பங்கள் கொஞ்சம் கவனியுங்கள். உங்கள் முன்னோரைத் தேடித் தருகிறேன், போர்ச்சுகலின் லிஸ்பன் வரை ஆவணம் இருக்கிறது என்று ஒருவர் சுற்றிக்கொண்டிருக்கிறார். எங்களிடம் 18,000 ரூபாய் கறந்துவிட்டார். பணம் போனால் போகட்டும், ஆச்சியின் ஞானஸ்நானச் சான்றிதழின் அசலும் அவரோடு போய்விட்டது.

ஆளைப் பார்த்தால் சந்தேகமே வராது. சொந்தக்காரர் கல்யாண வீட்டில் அறிமுகமானார். வேம்பார், வைப்பாறு, தூத்துக்குடி, புன்னைக்காயல் என்று மணப்பாடு வரை கடற்கரையை விரல்விட்டு எண்ணினார். “அக்கா, உங்க அப்பா கொழும்புத் தோணியில தண்டலா இருந்தவர்தானே?” என்று கேட்டதும் அம்மா உருகிவிட்டார். தாத்தா தண்டலாக, அதாவது தோணித் தலைவராக, இருந்த கதையை அதே பந்தியில் அவரிடம் அளந்தது எங்கள் மாமாதான் என்பது அப்புறம்தான் தெரிந்தது.

முன்பணம் 6,000. பத்து நாள் கழித்து, லிஸ்பன் காப்பகத்துக்கு ஃபீஸ் கட்ட வேண்டும் என்று 9,500. கடைசியில் ஃப்ரேமுக்கு 2,500. அங்கே உள்ள தொர்ரே தோ தொம்போ ஆவணக் காப்பகம் ஸ்கேன் செய்து வைத்திருக்கும் பக்கங்களை வீட்டிலிருந்தே இணையத்தில் இலவசமாகப் பார்க்கலாம். இது தெரியாமல் போனதற்கு என்னைத்தான் திட்டிக்கொள்ள வேண்டும். சான்றிதழுக்கு ஜெராக்ஸ் தருகிறேன் என்றேன். “ஜெராக்ஸ்ல எழுத்து சரியா விழாது தம்பி, அசல் இருந்தாத்தான் ஒப்பிட முடியும்” என்றார். கொடுத்துவிட்டேன்.

வந்தது என்ன தெரியுமா? தங்க எழுத்தில் ஒரு குடும்ப மரம். உச்சியில் முறுக்கு மீசையோடு ஒரு போர்த்துக்கீசக் கப்பித்தான் (கேப்டன்), பக்கத்தில் சிங்கமும் நங்கூரமும் போட்ட கேடயம். திரு இருதய ஆண்டவர் படத்துக்குப் பக்கத்திலேயே மாட்டினோம். இரண்டு வாரம், வீட்டுக்கு வந்தவர்கள் எல்லோரும் கப்பித்தானுக்கு வணக்கம் வைக்காத குறைதான்.

என்னோடு வேலை பார்க்கும் மிராண்டா ஒருவர் வீட்டுக்கு வந்தார். படத்தைப் பார்த்துவிட்டுச் சிரிக்கவும் முடியாமல், சொல்லவும் முடியாமல் நின்றார். பிறகு போனை எடுத்து அவருடைய பெரியப்பா வீட்டுப் படத்தைக் காட்டினார். அதே மீசை, அதே சிங்கம். அங்கே அவன் மிராண்டா, எங்கள் வீட்டில் பர்னாந்து!

அதன் பிறகுதான் ஒவ்வொரு கட்டமாக உட்கார்ந்து படித்தேன். கப்பித்தானின் மகனுக்கு ‘புன்னைக்காயல் பங்குப் பதிவேட்டின்படி’ 1529இல் ஞானஸ்நானம். பங்கு என்றால் ஒரு பங்குத்தந்தையின் பொறுப்பில் உள்ள கோயில் வட்டாரம். இந்தக் கடற்கரையின் பரதவர்கள் கூட்டமாக ஞானஸ்நானம் பெற்றதே 1536, 37இல்தான். சவேரியார் வந்து சேர்ந்தது 1542இல். பங்குதோறும் திருமணப் பதிவேடு வைக்க வேண்டும் என்று திரிதெந்தீன் சங்கம் (கத்தோலிக்க ஆயர்கள் கூடிய பொதுச் சங்கம்) விதித்தது 1563இல். பங்கே இல்லாத காலத்தில் பங்குப் பதிவேடு எங்கிருந்து வந்தது? இன்னொன்று, 1698ஆம் ஆண்டுப் பக்கம் என்று ஒரு போட்டோ ஒட்டியிருந்தார். அதில் கட்டம் போட்டு, தலைப்பெல்லாம் அச்சிட்ட ஆங்கிலத்தில். தூத்துக்குடியை 1658இல் டச்சுக்காரர்கள் பிடித்தார்கள். ஆங்கிலேயர் கைக்கு அது நிலையாக வந்தது 1825இல். அன்றைக்குக் கடற்கரைச் சாமியாருக்கு ஆங்கிலப் படிவம் அடித்துக் கொடுத்தது யாரோ.

பெயர் விஷயமும் அப்படித்தான். ஞானஸ்நானத்தின்போது போர்த்துக்கீசப் பெயர்களைச் சூட்டினார்கள், அவை குடும்பப் பெயர்களாக ஒட்டிக்கொண்டன. பர்னாந்து என்ற பெயர் இருப்பதால் மட்டும் போர்த்துக்கீச ரத்தம் என்று ஆகிவிடாது. கப்பித்தான் வேண்டும் என்ற நம் ஆசையைத்தான் அந்த ஆள் விற்கிறார்.

போன் போட்டுக் கேட்டேன். “பழைய ரெக்கார்டுன்னா அப்படித்தான் இருக்கும்” என்றார், அதோடு எண் பிளாக். சைபர் மோசடி உதவி எண் 1930க்கு அழைத்துப் புகார் பதிந்திருக்கிறேன். இதுவரை ஒரு ரூபாய் திரும்பவில்லை.

அப்புறம் செய்ததை முதலிலேயே செய்திருக்க வேண்டும். ஊர்ப் பங்குத்தந்தைக்கு ஒரு கடிதம் எழுதி, ஒரு சனிக்கிழமை பங்கு அலுவலகத்தில் போய் உட்கார்ந்தேன். ஞானஸ்நானப் பதிவேட்டை விடத் திருமணப் பதிவேடுதான் பொக்கிஷம். மாப்பிள்ளை, பெண், இருவரின் பெற்றோர், சாட்சிகள் எல்லாம் ஒரே வரியில். அத்தை மகன், மாமன் மகள் என்று நெருங்கிய உறவில் கட்டியிருந்தால் அதற்காக ஆயரிடம் வாங்கிய விலக்கும் (சிறப்பு அனுமதி) குறித்திருக்கும். எந்தக் கிளை எந்தக் கிளையோடு எங்கே சேர்ந்தது என்பது அந்தக் குறிப்பில் பிடிபட்டுவிடும். 1908க்குப் பிறகு, ஒருவர் எங்கே யாரைக் கட்டினார் என்பதை அவருடைய ஞானஸ்நானப் பதிவின் ஓரத்திலும் எழுதி வைக்கும் வழக்கம் வந்தது. ஊர் மாறிக் கட்டிக்கொடுத்த பெண்களை நான் பிடித்தது அப்படித்தான். பூட்டி ஆலந்தலைக்காரி என்பது எங்கள் வீட்டில் யாருக்குமே தெரியாது. கல்யாணம் பெரும்பாலும் பெண் வீட்டுப் பங்கில் நடப்பதால், அந்த ஊருக்கும் ஒரு நடை போனேன்.

ஒரே குடும்பத்தை பரணாந்து, பர்னாந்து, பெர்னாண்டு என்று மூன்று சாமியார்கள் மூன்று விதமாக எழுதியிருக்கிறார்கள். எழுத்தைப் பார்த்து ஏமாறாமல் பெற்றோர் பெயரைப் பிடித்துக்கொண்டு போக வேண்டும். 1874 வரை போக முடிந்தது. அதற்கு முந்தைய ஏடு செல்லரித்துப் போயிருக்கிறது. கப்பித்தான் யாரும் இல்லை, எல்லோரும் கடலுக்குப் போனவர்கள்தான். செலவு, பஸ் காசும் காணிக்கையும்.

ஆச்சியின் சான்றிதழ் பழுப்பேறிய தாள், நாலாக மடித்தது, மடிப்பில் உள்பக்கம் துணி ஒட்டியிருக்கும். வலது மூலையில் மெழுகு சொட்டிய கறை. ‘அசல் ஆவணம்’ என்று சொல்லி யாருடைய மரத்திலாவது அதை ஒட்டிக் கொடுத்திருந்தால், தயவுசெய்து எனக்கு ஒரு வார்த்தை சொல்லுங்கள்.