எஃகா, பீமா, கார்பனா: உற்பத்தி நின்றுபோன மூன்று டிரையத்லான் பிரேம்கள்

நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றும் சேர்ந்த டிரையத்லான் போட்டிக்கான பழைய பிரேம் ஒன்றைத் தேடிப்பிடித்து ஓடவைக்க ஆசைப்படுகிறவர்கள் முதலில் மயங்குவது பிரேமின் வடிவத்தில். நான் முதலில் பார்ப்பது வேறு: அந்த ஒரு பிரேமுக்கு மட்டுமே பொருந்துகிற உதிரி எது, அதையும் சேர்த்துக் கொடுக்கிறார்களா? பிரேம் என்றைக்காவது கண்ணில் பட்டுவிடும். கூடவே வரவேண்டிய உதிரி இல்லாவிட்டால் வாங்கிய பிரேம் சுவரில் ஆணியடித்து மாட்டத்தான் ஆகும்.

இந்தக் கண்ணோட்டத்தில் மூன்றை எடுத்துக்கொள்கிறேன்: குவின்டானா ரூ நிறுவனத்தின் எஃகு சூப்பர்ஃபார்ம், சாஃப்ட்ரைடின் பீம் வண்டி, செர்வேலோ பி3-யின் முதல் கார்பன் வடிவம். 1990-களில் வந்த ‘ஜிப் 2001’ என்ற மாடலையும் சேர்க்கலாமே என்பீர்கள். அது இப்போது சேகரிப்பாளர்கள் கைக்குப் போய்விட்ட பொருள். ஓட்டுவதற்காக வாங்குகிறவருக்கு அந்த விலை கட்டுப்படியாகாது.

சூப்பர்ஃபார்மிலிருந்து தொடங்குவோம், ஏனென்றால் மற்ற எல்லாமே அதற்குப் பின் வந்தவை. சாலைப் பந்தய வண்டியில் சீட்டுக்குக் கீழே உள்ள குழாயான சீட் டியூப் சுமார் 73 டிகிரி சாய்வில் இருக்கும். 1980-களின் பிற்பாதியில் முழங்கையை ஊன்றிப் படுத்து ஓட்டும் ஏரோ பார் வந்தது. பழைய சாய்விலேயே அப்படிக் குனிந்தால் தொடை வயிற்றில் முட்டும், இடுப்பு மடங்கி மூச்சு வாங்கும். கலிஃபோர்னியாவில் குவின்டானா ரூவைத் தொடங்கிய டான் எம்ஃபீல்டு அந்தக் கோணத்தை 80 டிகிரி அளவுக்கு நிமிர்த்தினார். பெடல் அச்சைச் சுற்றி மொத்த உடலும் முன்பக்கமாகச் சுழன்றதுபோல ஆயிற்று, இடுப்பு மடங்கவில்லை. சைக்கிளை விட்டு இறங்கி ஓட வேண்டியவருக்கு அதுதானே முக்கியம்! சீட் டியூப் நிமிர்ந்ததால் பின்சக்கரம் நெருங்கி வர வேண்டியிருந்தது, முன்பக்கம் தாழ வேண்டியிருந்தது. இரண்டுக்கும் சேர்த்து அவர் எடுத்த வழி சின்னச் சக்கரம், அதாவது 650சி.

இன்றைக்கு இதை வாங்குகிறவருக்குத் தலைவலியும் அந்தச் சக்கரம்தான். 650சி ரிம்மில் டயர் உட்காரும் விட்டம் 571 மி.மீ. நம்மூர்க் கடைகளில் 27.5 என்று கிடைக்கும் மலை சைக்கிள் (எம்டிபி) சக்கரம் 650பி. அதன் விட்டம் 584. பெயரில் ஓர் எழுத்துதான் வித்தியாசம், ஆனால் ஒன்றின் டயர் மற்றதில் ஏறவே ஏறாது. சாதாரண ரோடு சக்கரத்தை (622) திணிக்கலாமா என்றால் முன்சக்கரத்தைப் பிடிக்கும் ஃபோர்க்கில் இடமில்லை, பிரேக் கட்டையும் எட்டாது. 650சி டயரை இன்னும் சிலர் செய்கிறார்கள், ஆனால் ரகம் குறைவு. ஆகவே பிரேமுக்குப் பேரம் பேசும்போதே இரண்டு சக்கரங்களையும் சேர்த்துப் பேசிவிட வேண்டும்.

மற்றபடி எஃகுக்கு நிகர் எஃகுதான். பெடல் அச்சு உட்காரும் கூடான பாட்டம் பிராக்கெட் மரை போட்டது. செயின் பக்கத்துக் கப் இடதுமரை என்பதை மட்டும் மறக்கக்கூடாது. மறந்துவிட்டு முழு பலத்தோடு தவறான பக்கம் திருகியவன் நான், அனுபவத்தில் சொல்கிறேன். உள்ளே டார்ச் அடித்துப் பாருங்கள். மழைநீர் வந்து தேங்குமிடம் அந்தக் கூடுதான், துரு உள்ளிருந்துதான் தின்னும். வெளியே பார்க்க வேண்டியது ஹேண்டில்பார் திரும்பும் மூட்டான ஹெட்செட்டைச் சுற்றியும் மேல் குழாயிலும். ஏரோ பாரில் படுத்து ஓட்டுகிறவரின் வியர்வை மணிக்கணக்கில் சொட்டுவது அங்கேதான், உப்பு தன் வேலையைக் காட்டிவிடும். மேல்துரு என்றால் ஆக்சாலிக் அமிலக் கரைசலில் ஊறவைத்தால் போய்விடும்.

பெரிய சோதனை சீட் போஸ்ட், அதாவது சீட்டைத் தாங்கி சீட் டியூபுக்குள் இறங்கும் தண்டு. எஃகுக் குழாய்க்குள் அலுமினியம் பல வருடம் கிரீஸ் இல்லாமல் இருந்தால் இரண்டும் ஒட்டிக்கொள்ளும். ஊடுருவும் எண்ணெயை ஊற்றி நாட்கணக்கில் பொறுத்திருங்கள். அதற்கும் மசியாவிட்டால் போஸ்ட்டை வெட்டி உள்ளிருந்து அறுத்து எடுக்க வேண்டும். பொறுமை தின்னும் வேலை, ஆனால் பிரேம் பிழைக்கும். ஒரு குழாயே ஓட்டை விழுந்தாலும்கூட, பித்தளை வைத்துப் பற்றவைக்கத் தெரிந்த சைக்கிள் பிரேம் கைவினைஞர் குழாயை மாற்றிவிடுவார். தெருமுனை கேட் வெல்டிங் கடையில் மட்டும் கொடுத்துவிடாதீர்கள். குழாயின் சுவர் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு, ஆர்க் பட்டதும் பொத்துக்கொண்டு போகும்.

சாஃப்ட்ரைடு இதற்கு நேர் எதிர். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலம் பெல்லிங்ஹாமில் செய்த வண்டி. சீட் போஸ்ட் கிடையாது. முன்னாலிருந்து நீளும் ஒரு பீமின் முனையில் சீட் அந்தரத்தில் நிற்கும், தூளி மாதிரி. நெடுந்தூரத்துக்கு முதுகுக்கு இதமென்று கொண்டாடியவர்கள் உண்டு. மிதிக்கும்போது மேலும் கீழும் ஆடுகிறது என்று அலுத்துக்கொண்டவர்களும் உண்டு. சீட் உயரத்தை அளப்பதே இதில் தனிக் கலை: ஆள் உட்கார்ந்ததும் பீம் இறங்கும், உட்கார்ந்தபடிதான் அளக்க வேண்டும்.

சர்வதேச சைக்கிள் சங்கமான யு.சி.ஐ.யின் 1996 லுகானோ சாசனம் இரட்டை முக்கோணப் பிரேமை விதியாக்கி, 2000 முதல் நடைமுறைக்கு வந்தபோது சைக்கிள் பந்தய உலகம் பீமுக்குக் கதவை மூடியது. டிரையத்லான் மட்டும் வைத்துக்கொண்டது. பிறகு சாஃப்ட்ரைடே 2007-இல் வண்டி செய்வதை நிறுத்திவிட்டது. அதன் பிறகு அந்தப் பெயர் தொடர்ந்தது காரில் சைக்கிள் மாட்டும் ராக்குகளில்தான்.

இதில் ஒரே கேள்வி பீம். அடுக்கடுக்காக ஒட்டிச் செய்தது. பக்கவாட்டில் அடுக்கு பிரிந்த கோடு தெரிகிறதா, கையால் அழுத்தினால் நெறிகிறதா, முன் கீலின் போல்ட் துரு பிடித்திருக்கிறதா? ஒன்றுக்கு ‘ஆம்’ என்று பதில் வந்தாலும் விட்டுவிடுங்கள். புதுப் பீம் செய்ய ஆளில்லை. பீம் இல்லாத பிரேம் அடிமாட்டு விலைக்கு வருவது அதனால்தான். போதாக்குறைக்கு, ஓட்டுகிறவரின் எடைக்கேற்ப விறைப்பும் மாறும். ஐம்பது கிலோக்காரரின் பீம் எண்பது கிலோக்காரருக்குக் கதைக்காகாது.

மூன்றாவது பி3. கனடாவில் 1995-இல் ஜெரார்டு வ்ரூமனும் ஃபில் ஒயிட்டும் தொடங்கிய செர்வேலோ நிறுவனத்தின் வண்டி. பி3 முதலில் அலுமினியத்தில் வந்தது, 2005-இல் கார்பனுக்கு மாறியது. சீட் டியூப் பின்சக்கரத்தை அணைத்தபடி வளையும். சக்கரத்தைப் பின்பக்கமாக இழுத்துக் கழற்ற வேண்டும். அடுத்த பல ஆண்டுகள் ஹவாயின் கோனாவில் நடந்த அயர்ன்மேன் உலகப் போட்டிக்கு வந்த சைக்கிள்களை எண்ணிப் பார்த்தால் முதலிடத்தில் இருந்த பெயர் செர்வேலோ. அதனால் பழைய சந்தையில் தட்டுப்பாடே இல்லை. மிகச் சிறிய அளவைத் தவிர மற்றவற்றில் சாதாரண ரோடு சக்கரம் (622), மரை போட்ட பாட்டம் பிராக்கெட், பின்சக்கர அச்சுக்கு 130 மி.மீ. அகலம். நாளைக்கே ஒரு போட்டியில் ஓட்ட வேண்டும் என்றால் இதை வாங்குங்கள், யோசிக்கவே வேண்டாம்.

ஆனால் ‘மீட்டெடுப்பது’ என்ற சொல் இதற்குப் பொருந்தாது, பரிசோதிப்பது என்றே சொல்லலாம். நாணயத்தால் தட்டிக்கொண்டே போனால் கணீரென்ற ஒலி ஓரிடத்தில் மங்கும், அங்கே சந்தேகம். பெயிண்ட் வெடிப்பா கார்பன் வெடிப்பா என்பதை நகத்தை ஓட்டிப் பார்த்தாலே ஓரளவு ஊகிக்கலாம், உறுதியாகச் சொல்ல நிபுணர் வேண்டும். பெயிண்ட் உரிக்கும் ரசாயனம் கார்பன் இழைகளைப் பிணைத்திருக்கும் ரெசினையும் தின்னும், கையால் உப்புத்தாள் தேய்ப்பதே கதி. பவுடர் கோட்டிங் அடுப்பின் 180, 200 டிகிரி சூடு எஃகுக்கு ஒன்றும் செய்யாது, கார்பனைக் கெடுத்துவிடும். ஏரோ வடிவச் சீட் போஸ்ட்டும் அதன் பிடியும் அதற்கென்றே செய்தவை. அவை இல்லாத பி3 வேண்டாம். ஃபோர்க்கைக் கழற்றி, ஹேண்டில்பாரோடு இணையும் அதன் ஸ்டீயரர் குழாயைப் பார்க்காமல் ஏறவும் வேண்டாம்.

விற்பவரிடம் நான் கேட்கும் படங்கள் நான்கு: பாட்டம் பிராக்கெட் கூட்டின் அடிப்பக்கம், பின்சக்கர அச்சு உட்காரும் டிராப்அவுட் இரண்டும் அருகிலிருந்து, கழற்றிய ஃபோர்க், கடைசியாகச் சீட் போஸ்ட் முழுதாக வெளியே எடுத்த நிலையில். கடைசிப் படத்தை அனுப்பத் தயங்குகிறார் என்றால் போஸ்ட் ஒட்டிக்கொண்டது என்றே வைத்துக்கொள்வேன். எஃகென்றால் அதைச் சொல்லி விலையைக் குறைப்பேன். கார்பனென்றால் அடுத்த விளம்பரத்துக்குப் போய்விடுவேன்.