பேட்லாண்ட்ஸா, கஸ்டரா: கூடாரத்தை எங்கே போடுவது?

அமெரிக்காவின் தெற்கு டக்கோட்டாவுக்குக் குழந்தைகளோடு காரில் கிளம்புகிறவர்களுக்கு வருகிற கேள்வி இது. இரண்டு பூங்காக்களுக்கும் நடுவே சுமார் இரண்டு மணி நேரப் பயணம்தான், ஆனால் அனுபவம் வேறு வேறு.

பேட்லாண்ட்ஸ் தேசியப் பூங்காவில் மண்குன்றுகள்தான் எல்லாம். சாயங்கால வெயில் சாய்வாக விழும்போது இளஞ்சிவப்பு, மஞ்சள், சாம்பல் என்று ஒவ்வொரு படிவும் தனித்தனியாகத் தெரியும். அதற்காகவே அங்கே ஓர் இரவு தங்கலாம். ஆனால் சீடர் பாஸ் முகாமில் மர நிழல் இல்லையென்றே சொல்ல வேண்டும்; மேசைக்கு மேல் சின்னக் கூரை, அவ்வளவுதான். பூங்கா முழுக்க விறகுத் தீ மூட்டத் தடை, கேஸ் அடுப்பில்தான் சமையல். பக்கத்தில் வால் (Wall) என்கிற ஊரில் 'வால் டிரக்' (Wall Drug) கடை இருக்கிறது. 1930களில் இலவச ஐஸ் தண்ணீர் என்று சாலையோரம் பலகை வைத்தே பேர் வாங்கிய கடை. அங்குள்ள 80 அடி டைனோசர் சிலையைப் பிள்ளைகள் விடமாட்டார்கள்.

கஸ்டர் மாநிலப் பூங்காவில் பைன் நிழல், நீந்த சில்வன் ஏரி, இரவில் விறகுத் தீ எல்லாம் உண்டு. காட்டெருமைகள் சாலையை மறித்தால் இறங்காமல் காத்திருங்கள். நீடில்ஸ் சாலையில் ஒரு சுரங்கம் 8 அடி அகலம்தான், பெரிய வண்டி நுழையாது.

சின்னப் பிள்ளைகள் இருந்தால் என் ஓட்டு கஸ்டருக்கே. கோடையில் இடம் சீக்கிரம் நிரம்பிவிடும், முன்பதிவு செய்துவிடுங்கள்.