முட்டிக்கு ஒன்று, விரலுக்கு ஒன்று: மூட்டுவலித் தைலங்கள் ஓர் ஒப்பீடு

எங்கள் வீட்டில் மூட்டுவலிக்காரர்கள் இரண்டு பேர். அம்மாவுக்கு 74 வயது, வலது முட்டி. அத்தைக்கு, அதாவது என் மாமியாருக்கு, 71. கை விரல்கள், கூடவே சர்க்கரையும். ஒருவருக்குக் கேட்கிற மருந்து மற்றவருக்குக் கேட்பதில்லை. அதனால் அலமாரியின் நடுத்தட்டு முழுக்கப் புட்டிகள்தான்: கொட்டம்சுக்காதி, பிண்ட தைலம், ஊட்டி யூகலிப்டஸ் எண்ணெய், சிங்கப்பூர்ச் சித்தி கொண்டுவந்த கோடாலி தைலம், மருந்துக்கடை மிளகாய்க் களிம்பு. மூன்று வருடமாக இதையெல்லாம் தடவிவிடுவது என் கை. அந்தக் கை கண்டதைத்தான் எழுதுகிறேன்.

இரண்டு பேருக்கும் இருப்பது தேய்மானம் என்று எக்ஸ்ரே பார்த்து மருத்துவர் சொன்ன பிறகுதான் இந்தக் கடையை விரித்தோம். மூட்டு திடீரென்று சிவந்து, வீங்கி, தொட்டால் சுட்டு, காய்ச்சலும் சேர்ந்துகொண்டால் அங்கே தைலத்துக்கு வேலையில்லை. நேரே மருத்துவரிடம் போக வேண்டியதுதான்.

கொட்டம்சுக்காதியா, பிண்டமா?

நாட்டு மருந்துக் கடையில் "மூட்டுவலிக்குத் தைலம்" என்று பொதுவாகக் கேட்டால் இந்த இரண்டில் எது கைக்கு வருகிறதோ அதை எடுத்துத் தருவார்கள். இரண்டுமே ஆயுர்வேதத் தைலங்கள், இரண்டுக்கும் அடிப்படை நல்லெண்ணெய். ஆனால் குணத்தில் ஒன்று கிழக்கு, மற்றது மேற்கு.

கொட்டம்சுக்காதியின் பெயரிலேயே கோஷ்டமும் சுக்கும் இருக்கின்றன. அவற்றோடு வசம்பு, பூண்டு, கடுகு, முருங்கை, தேவதாரு என்று போகும் சரக்குகளில் பெரும்பாலானவை சூடு. புளிக்கரைசலும் தயிரும் சேர்த்துக் காய்ச்சுவதால் மூடியைத் திறந்ததுமே குழம்பு தாளித்த வீடு மாதிரி ஒரு வாசனை வரும். அத்தைக்கு அது பிடிக்கவே பிடிக்காது. காலையில் எழுந்ததும் முட்டி மரக்கட்டைபோல மடங்காமல் நிற்கிறது, மழைக்காலத்தில் கூடுகிறது, வெந்நீர் பட்டால் இதமாக இருக்கிறது என்றால் அதற்கு ஏற்றது இதுதான்.

பிண்ட தைலத்தில் சரக்கு குறைவு: நன்னாரி, மஞ்சிட்டி, குங்கிலியம், தேன்மெழுகு. மஞ்சிட்டியால் சிவந்திருக்கும். வெள்ளை வேட்டி, வெளிர்நிறப் போர்வை பக்கம் கொண்டுபோகாதீர்கள், கறை போகாது. இது குளிர்ச்சி. வலியோடு எரிச்சலும் இருப்பவர்களுக்குத்தான் வைத்தியர்கள் இதைச் சொல்வார்கள். போன சித்திரையில் அத்தையின் விரல்கள் திகுதிகுவென்று எரிந்தபோது கொட்டம்சுக்காதி போட்டு, "எரியுது, முதல்ல தொடைச்சு விடு" என்று வாங்கிக் கட்டிக்கொண்டேன். மறுநாள் பிண்டத்துக்கு மாறியதும் சத்தமில்லை.

இரண்டையும் நேரடியாக அடுப்பில் வைக்கக் கூடாது. கொதித்த நீரில் சின்னக் கிண்ணத்தை இறக்கி வைத்தால் போதும், எண்ணெய் வெதுவெதுப்பாகிவிடும். முட்டிச்சில்லைச் சுற்றி வட்டமாக, அழுத்தாமல் பதினைந்து நிமிடம் தடவி, அரைமணி நேரம் ஊறவிட்டு, பயத்தம் மாவால் தேய்த்துக் கழுவுகிறேன். உண்மையைச் சொன்னால், ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து பதினைந்து நிமிடம் காலைப் பிடித்துவிடுவதற்கே பாதி மதிப்பெண் போட வேண்டும். அம்மாவே தடவிக்கொள்ளும் நாட்களில் அந்தச் சுகம் வருவதில்லை.

எண்ணெயின் பெரிய குறை தரை. எண்ணெய் வழிந்த பாதத்தோடு அம்மா குளியலறைக்குப் போய், வழுக்கி, கதவின் கைப்பிடியைப் பிடித்துத் தப்பித்தார். முட்டிக்கு வைத்தியம் பார்த்து இடுப்பை உடைத்திருப்போம். அன்று முதல் நாற்காலியில் உட்காரவைத்துத்தான் தைலம், காலுக்குக் கீழே பழைய துண்டு, எழும் முன் உள்ளங்கால் துடைப்பு. இந்த மூன்றுக்கும் ஆளில்லாத வீட்டில் தைலத்தைவிடக் களிம்பு மேல்.

ஜில்லென்ற தைலங்கள்

கோடாலி தைலம், பாம்கள், யூகலிப்டஸ் எண்ணெய் எல்லாவற்றையும் ஒரே கூட்டத்தில் போடலாம். மென்தால், கற்பூரம், யூகலிப்டஸ், விண்டர்கிரீன் ஆகிய நாலும் வெவ்வேறு அளவில் கலந்தவைதான் இவற்றில் பலவும். நம் ஊரின் பழைய மஞ்சள் பாம் அமிர்தாஞ்சன் 1893இல் பம்பாயில் தொடங்கியது. அதன் சூத்திரமும் ஏறக்குறைய இதுதான்.

தோல் உண்மையில் குளிர்வதில்லை. குளிரை உணரும் நரம்பு முனைகளை மென்தால் தட்டி எழுப்புகிறது, மூளை அந்த ஜில்லைக் கவனித்துக்கொண்டிருக்கும் நேரத்தில் வலி பின்வாங்குகிறது. கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்துவிடும். இரவில் கண்ணசர அந்தக் கொஞ்ச நேரம் போதும் என்பதால் படுக்கைக்குப் பக்கத்தில் ஒரு டப்பா இருக்கிறது.

ஆனால் பெரியவர்கள் இருக்கும் வீட்டில் நான் அதிகம் பயப்படுவதும் இந்தக் கூட்டத்துக்குத்தான். விண்டர்கிரீன் எண்ணெய் கிட்டத்தட்ட முழுக்கவே மெத்தில் சாலிசிலேட், ஆஸ்பிரினின் உறவுக்காரன். ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுபவர்கள் இதைத் தினமும் நிறையத் தடவினால் ரத்தக்கசிவு வரலாம். தடவிய இடத்தில் சூடான பையை வைத்துக் கட்டினால் மருந்து கூடுதலாக உள்ளே இறங்குவதோடு தோலும் வெந்துபோகும். இந்த எண்ணெயில் ஒரு தேக்கரண்டி என்பது சுமார் 7 கிராம் ஆஸ்பிரினுக்குச் சமம், அதாவது இருபதுக்கும் மேற்பட்ட மாத்திரைகள். பேரன் பேத்தி ஓடியாடும் வீட்டில் தாத்தாவின் தலைமாட்டில் திறந்து கிடக்கும் புட்டி சாதாரண விஷயமில்லை. கற்பூரமும் யூகலிப்டஸும்கூடக் குழந்தை வாயில் போனால் வலிப்பில் கொண்டுபோய் விடும்.

மிளகாய்

வெளியே பூசும் மூலிகைகளில், வலி உணர்வில் கை வைப்பது தெளிவாகத் தெரிவது மிளகாயின் காரப்பொருளான கேப்சைசின்தான். நரம்பு முனையில் அது போய் ஒட்டும் உணரி 1997இல் அடையாளம் காணப்பட்டது. அதற்காகவும் சேர்த்துத்தான் டேவிட் ஜூலியஸுக்கு 2021இல் மருத்துவ நோபல் கிடைத்தது. சுடுநீர் பட்டால் விழித்துக்கொள்ளும் அதே உணரிதான் மிளகாய்க்கும் விழிக்கிறது. ஆகவே எரிகிறது. திரும்பத் திரும்ப எரித்தால் நரம்பு முனை ஓய்ந்துபோகிறது, வலியைச் சொல்லும் வேலையையும் விட்டுவிடுகிறது.

இங்கேதான் பொறுமை வேண்டும். 0.025 சதவீதக் களிம்பை ஒரு நாளைக்கு மூன்று நான்கு முறை, வாரக்கணக்கில் விடாமல் பூச வேண்டும். வலித்தால் மட்டும் பூசுவது வீண், எரிச்சல்தான் மிஞ்சும். அம்மா முதல் வாரம் முழுக்க என்னைத் திட்டினார், மூன்றாவது வாரத்தில் மாடிப்படியில் கைப்பிடியிலிருந்து ஒரு கையை விட்டு ஏறினார். பூசிய கையைத் தண்ணீரில் கழுவினால் காரம் போகாது. முதலில் தேங்காயெண்ணெய் தேய்த்து, அப்புறம் சோப்பு.

அத்தைக்கு இது வேண்டவே வேண்டாம் என்று முடிவு செய்ததற்குக் காரணம் எளிது: விரலில் பூசினால் விரல் கண்ணுக்குப் போகும். அமெரிக்க மூட்டு மருத்துவர் சங்கத்தின் 2019 வழிகாட்டியும் முட்டிக்கு இதை நிபந்தனையோடு பரிந்துரைத்து, கை மூட்டுக்கு வேண்டாம் என்கிறது. கடையில் வாங்கும்போது கேப்சைசின் சதவீதம் அச்சிட்டிருக்கிறதா என்று பாருங்கள். வெறும் மிளகாய்ச்சாறு சேர்த்த ஜெல் சோதனையில் தேறவில்லை என்று பல சோதனைகளைச் சேர்த்துப் பார்க்கும் காக்ரேன் அமைப்பின் 2013ஆம் ஆண்டு மீளாய்வு சொல்கிறது. மிளகாய்த்தூளை எண்ணெயில் காய்ச்சி வீட்டிலேயே செய்யும் வேலையும் வேண்டாம், வயதானவர்களின் தோல் காகிதம் மாதிரி.

அதே மீளாய்வில் நல்ல பெயர் வாங்கியவை ஆர்னிகாவும் காம்ஃப்ரேயும், இரண்டும் ஐரோப்பியச் செடிகள். கை மூட்டுத் தேய்மானம் உள்ள 204 பேரிடம் ஆர்னிகா ஜெல், இபுப்ரோஃபென் என்ற வலிநிவாரணி ஜெல்லுக்குச் சளைக்காமல் நின்றது. அத்தையின் விரலுக்கு இதுதானே என்று ஹோமியோபதிக் கடைக்கு ஓடினேன். அங்கே அதே பெயரில் பல களிம்புகள் இருக்கின்றன, நீர்த்தவை உட்பட. சோதனையில் இருந்தது அடர்த்தியான சாறு சேர்ந்த ஜெல், பெயர் ஒற்றுமையை நம்பி வாங்கக் கூடாது. காம்ஃப்ரேயில் ஈரலைப் பாதிக்கும் சத்து உண்டு, புண்ணோ கீறலோ உள்ள தோலில் படக் கூடாது.

மூலிகையல்லாத போட்டியாளர் ஒருவரையும் சொல்லாமல் விட முடியாது. டைக்ளோஃபெனாக் போன்ற வலிநிவாரணி ஜெல்களுக்கு இருக்கும் ஆதாரம் மேலே சொன்ன எதற்கும் இல்லை. முட்டித் தேய்மானத்துக்கு அந்த 2019 வழிகாட்டி உறுதியாகப் பரிந்துரைப்பது அவற்றைத்தான். நம் மருந்துக்கடை ஜெல்கள் பலவற்றில் டைக்ளோஃபெனாக்கோடு மென்தாலும் மெத்தில் சாலிசிலேட்டும் கலந்திருக்கும். வாசனையை வைத்து மூலிகை என்று நினைத்து, மேலே இன்னொரு பாமும் பூசிவிடாதீர்கள்.

ஒத்தடம்

நொச்சி, புளியிலை, ஆமணக்கு இலை என்று வதக்கிக் கட்டும் இலைகள் நிறைய. எருக்கு மட்டும் வேண்டாம், பால் கண்ணில் பட்டால் ஆபத்து. இலை எதுவானாலும் வேலையில் பெரும்பங்கு சூட்டுக்குத்தான் என்பது என் கருத்து. வறுத்த கல்லுப்பு மூட்டையும் அதே சுகம் தருகிறது.

அந்த உப்பு மூட்டையால்தான் ஒரு பாவத்தைச் செய்தேன். அத்தை கணுக்கால் வலிக்கிறது என்றார், கட்டினேன், "சூடு தாங்குதா அத்தை?" என்று கேட்டேன், "சூடே இல்லையே" என்றார். இன்னும் கொஞ்சம் வறுத்துக் கட்டினேன். அவிழ்த்தால் ரூபாய் நாணயம் அளவுக்குக் கொப்புளம். இருபது வருடச் சர்க்கரையில் பாதத்தின் உணர்வு மங்கிப்போயிருந்தது. புண் ஆற ஐந்து வாரம். இப்போது மூட்டையை என் மணிக்கட்டின் உள்பக்கம் பத்து எண்ணும்வரை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் அவர்மேல் வைப்பது, அதுவும் கணுக்காலுக்குக் கீழே கிடையாது.

அம்மாவுக்கு இப்போது பகலில் மிளகாய்க் களிம்பு, ஞாயிற்றுக்கிழமை மட்டும் கொட்டம்சுக்காதி, அன்று களிம்பு இல்லை. அத்தைக்குப் பிண்டம், தாங்காத நாளில் மருத்துவர் சொன்ன ஜெல். விண்டர்கிரீன் வாசம் அடிக்கும் எல்லாமும் பேரனுக்கு எட்டாத மேல்தட்டுக்குப் போய்விட்டன. அதை எடுக்க இப்போது நான் ஸ்டூல் போட்டு ஏற வேண்டியிருக்கிறது. எனக்கும் முட்டியில் லேசாக ஒரு சத்தம் கேட்கிறது.