மாசி வீதிகளில் ஒரு காலை நடை

மதுரையிலேயே பிறந்து வளர்ந்த நான், மீனாட்சியம்மன் கோயிலைச் சுற்றிச் சித்திரை, ஆவணி மூலம், மாசி, வெளி என்று அடுக்கடுக்காக விரியும் வீதிகளைச் சென்ற ஞாயிறன்று ஒரு வழிகாட்டியுடன் நடந்து பார்த்தபோதுதான், பழைய கோட்டைச் சுவரை 1840களில் இடிப்பித்த கலெக்டர் பிளாக்பர்னின் நினைவாகவே விளக்குத்தூண் நிற்கிறது என்பதை அறிந்தேன். அதனருகில் எத்தனை முறை ஜிகர்தண்டா குடித்திருப்பேன்! ஜவுளிக் கடைகளுக்கு நடுவே, திருமலை நாயக்கர் அரண்மனையின் எச்சமாக நிற்கும் பத்துத்தூண்களை அண்ணாந்து பார்த்து நிற்கப் போதிய நேரம் தந்தது இந்த நடையின் சிறந்த பகுதி. வழிகாட்டி தெளிவாகவே விளக்கினார். ஆனால் இருபது பேரை ஒரே குழுவாக அழைத்துச் சென்றதால், சந்துகளில் பின்னால் நின்ற எங்களுக்குப் பாதிதான் கேட்டது. வெயில் ஏறுமுன் முடித்துவிடுகிறார்கள், கட்டணமும் நியாயமானதே.