செவலையின் காலடிக்கு ஓர் ஆத்தங்குடிக் கல்

காரைக்குடிக்கு அருகில் உள்ள எங்கள் வீட்டில் 13 ஆண்டுகள் வாழ்ந்த எங்கள் நாய் செவலை, சென்ற ஆடி மாதம் சிறுநீரகம் பழுதாகி இறந்துபோனான். கொல்லையில் வேப்பமரத்தடியில் உப்புப் போட்டு அடக்கம் செய்தோம். அவன் நினைவாக ஆத்தங்குடிப் பட்டறை ஒன்றில் தரைக்கல் செய்து வாங்கிய அனுபவத்தை, இதே எண்ணத்தில் இருப்பவர்களுக்கு உதவும் என்பதால் எழுதுகிறேன்.

படம் மாட்டலாம் என்றார் அண்ணன். அப்பச்சிக்கு, அதாவது அப்பாவுக்கு, அதில் மனம் ஒப்பவில்லை. சித்திரை வெயிலில் ஊரே காயும்போது, முகப்பிலிருந்து வளவுக்குள் (உள்முற்றப் பகுதிக்குள்) நுழையும் இடத்தில், தேக்குத் தூணை ஒட்டிய ஒரே கல்லின் மேல் வயிற்றைப் பரப்பிக்கொண்டு கிடப்பான் செவலை. யார் வந்தாலும் கண்ணை மட்டும் திறந்து பார்ப்பான். அந்த இடத்தைக் கடக்கும்போது இன்றும் எங்கள் கால் தானாகவே சற்று விலகிப் போகிறது. அந்தக் கல் ஏற்கெனவே விரிசல் விட்டிருந்ததால், அதை எடுத்துவிட்டு அவன் காலடி கொண்ட புதுக்கல்லை அங்கே பதிப்பது என்று முடிவாயிற்று. காலடியும் வீட்டிலேயே இருந்தது. அவனுக்கு இரண்டு வயதில், கிணற்றடித் துவைகல் மேடைக்குப் பூசிய ஈரச் சிமெண்டில் வலது முன்னங்காலை அழுத்திவிட்டு ஓடியிருந்தான். குட்டியில் மிதிவண்டி ஏறி ஓரத்து விரல் வளைந்துபோன அந்தச் சுவடு இன்னும் அப்படியே இருக்கிறது. அதன் மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுத்துக்கொண்டு போனோம்.

ஆத்தங்குடிக் கல் சூளையில் சுடப்படுவதில்லை. கண்ணாடித் தகட்டின் மேல் இரும்புச் சட்டத்தை வைத்து, அதற்குள் பூ வேலைப்பாட்டுக்கான அச்சை இறக்கி, ஒவ்வோர் அறையிலும் சாயம் கலந்த சிமெண்டுக் குழம்பைக் கரண்டியால் ஊற்றுகிறார்கள். பிறகு அச்சைத் தூக்கிவிட்டு, மேலே உலர்ந்த கலவையைத் தூவி, மணல் சிமெண்டுச் சாந்து போட்டு மட்டம் செய்கிறார்கள். காய்ந்து, தண்ணீர்த் தொட்டியில் சில நாள் ஊறியதும் கண்ணாடி தானாகவே பிரிந்துவிடும். கல்லின் பளபளப்பு அந்தக் கண்ணாடி கொடுப்பது.

எங்கள் தாளை வாங்கிய மூத்த தொழிலாளி அதை வெகுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு, "ஆச்சி, இது வலது காலா, இடது காலா?" என்று கேட்டார். வலது என்றேன். "கண்ணாடிப் பக்கந்தான் ஆச்சி மேல வரும். இப்படியே அச்சு வெட்டுனா கால் மாறிப் போயிரும், வளைஞ்ச விரலும் இந்தப் பக்கம் வந்துரும்" என்று சொல்லி, தாளைக் கவிழ்த்து வெளிச்சத்தில் பிடித்து, பின்பக்கமாகவே கோடு இழுத்தார். அவர் கேட்காமல் விட்டிருந்தால் எங்களுக்கு வேறு ஏதோ ஒரு நாயின் கால் வந்திருக்கும். இந்தப் பட்டறையை நான் மனமாரப் பாராட்டுவதற்கு அந்த ஒரு கேள்வி போதும்.

குறைகளும் உண்டு. இரண்டு வாரம் என்றவர்கள், ஐப்பசி மழையில் கல் காயவில்லை என்று ஐந்து வாரம் ஆக்கினார்கள். நிறம் பொருந்துவதற்கு எங்கள் பழைய கல் ஒன்றை மாதிரியாகக் கொடுத்திருந்தும், முதல் முறை சிவப்பு அடர்ந்து வந்தது. சொன்னதும் முகம் சுளிக்காமல் மறுபடி ஊற்றித் தந்தார்கள். உடைந்தால் மாற்றுவதற்கு என்று மூன்று கல் செய்தவர்கள், இடையில் செய்தித்தாளை மட்டும் வைத்துக் கட்டிக்கொடுத்ததால் வழியில் ஒன்றின் முனை பெயர்ந்துவிட்டது. வைக்கோலோ சாக்கோ கையோடு எடுத்துச் செல்வது நல்லது. கல்லின் விலை அதிகமில்லை, தனி அச்சு செய்யும் கூலிதான் கூடுதல்.

நாய்க்கெல்லாம் கல்லா என்று உறவினர் ஒருவர் கேட்டார். திருவண்ணாமலை மாவட்டம் எடத்தனூரில் 7ஆம் நூற்றாண்டு நடுகல் ஒன்று, மகேந்திரவர்மப் பல்லவனின் 34ஆம் ஆட்சியாண்டில் எழுந்தது. கள்வர் இருவரைக் கடித்துக் காத்து நின்ற கோவிவன் என்னும் நாயின் உருவமும் பெயரும் வீரனோடு சேர்த்து அதில் பொறிக்கப்பட்டிருக்கின்றன. அப்பச்சி அதைச் சொன்னதும் அவர் மேற்கொண்டு பேசவில்லை.

பதித்த புதிதில் அந்த ஒரு கல் மட்டும் தனியாகத் தெரிந்தது. ஆத்தா தினமும் துடைத்து, வாரம் ஒருமுறை சிறிது தேங்காய் எண்ணெய் தடவி வருவதால் இப்போது பழைய கற்களோடு ஒன்றிக்கொண்டு வருகிறது. அமிலம் கலந்த தரைத் திரவம் எதையும் இதன் மேல் ஊற்றக் கூடாது என்று பட்டறையிலேயே சொல்லி அனுப்பினார்கள். முனை பெயர்ந்த கல்லை வேப்பமரத்தடியில், பெயர்ந்த பக்கம் மண்ணுக்குள் போகும்படி நட்டுவிட்டோம். மூன்றாவது கல், செவலையைக் குட்டியாகச் சட்டைக்குள் வைத்துத் தூக்கிவந்த அண்ணனுடன் கோயம்புத்தூருக்குப் போயிற்று.