85,000 ரூபாய்க்கு ஒரு ‘ஈரத் துணி’: ஆலைக்காரர்கள் கவனிக்கவும்

கிளிநொச்சிப் பக்கம், பரந்தனுக்கு அப்பால் சிறிய அரிசி ஆலை நடத்துகிறேன். களஞ்சியத்தில் பாவிக்கும் இரசாயனங்களுக்கு எழுத்தில் ஆபத்து மதிப்பீடு வேண்டும் என்று கொழும்பில் அரிசி வாங்குகிறவர்கள் கேட்டார்கள். அதற்கென்றே மென்பொருள் விற்கும் ஓர் இணையக் கடை 85,000 ரூபாயை விழுங்கிவிட்டது.

கடைக்காரனின் பேச்சு அப்படி. “அண்ணை, உங்களுடைய ஆலையில் இருக்கிற ஒரு பொருளைச் சொல்லுங்கள், இப்போதே செய்துகாட்டுகிறேன்” என்றான். பிளீச்சிங் பவுடர் என்றேன். பெயரைத் தட்டினான், அளவுக்குக் கிலோவைத் தெரிவு செய்தான், தூசி பறக்குமா என்ற கட்டத்தில் ‘ஆம்’ போட்டான். ‘அமிலத்துடன் கலந்தால் குளோரின் வாயு வெளியேறும்’ என்று சிவப்பு எழுத்தில், நல்ல தமிழில் வந்து விழுந்தது. இங்கே இரசாயனத் தொழிற்சாலை குளோரின் உற்பத்தி செய்த காலத்துக் கதைகளைக் கேட்டு வளர்ந்தவனுக்கு அந்த ஒரு வரி போதாதா? அன்றைக்கே வங்கியில் காசைப் போட்டேன்.

பிறகு, நெல்லில் வண்டுக்கு வைக்கும் குளிசையைப் பதிந்தேன். அலுமினியம் பொஸ்பைட்டு. ஈரம் பட்டால் பொஸ்பீன் என்ற நச்சு வாயுவைக் கக்குவது. எட்டு மணி நேர வேலைக்கு அமெரிக்கச் சட்டம் அனுமதிக்கும் அளவே காற்றில் பத்து இலட்சத்தில் 0.3 பங்குதான். மென்பொருள் சொன்னது: ‘மிதமான ஆபத்து. சிந்தினால் ஈரத் துணியால் துடைக்கவும்.’ ஈரத் துணியாம்! வேலையாள் ஒருவன் அதை நம்பித் துடைத்திருந்தால்? டீசல், பெயின்ட், எலிப்பாஷாணம், எதைப் போட்டாலும் அதே மிதமான ஆபத்து, அதே துணி. கடைசியில் கறியுப்பைப் போட்டேன். அதற்கும் அதுவே. ஆலைக்காரர் முதலில் பிளீச்சிங் பவுடரைத்தான் சொல்வார்கள் என்று தெரிந்து அதற்கு மட்டும் ஒரு பக்கம் செய்து வைத்திருக்கிறான்.

கேட்டால், “அண்ணை, புதிய பதிப்பு வருகிறது” என்றான். அடுத்து, “சேர், குளிசை விவசாய இரசாயனம், அதற்குத் தனிப் பிரிவு, இன்னும் 30,000 கட்ட வேண்டும்.” பின்பு, “நிபந்தனைகளைப் படிக்கவும்.” இப்போது வட்ஸ்அப்பில் நீலக் குறி மட்டும் விழுகிறது. 85,000 ரூபாய்க்கு ஒரு பற்றுச்சீட்டுக்கூடத் தரவில்லை.

தொழிற்பாதுகாப்புப் படித்த மருமகள் திரையைப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். “மாமா, இந்தக் கட்டங்கள் இரசாயன ஆபத்தை மதிப்பிடப் பிரித்தானிய அரசு தரும் ‘கோஷ் எசென்ஷியல்ஸ்’ கருவியைப் பார்த்துப் போட்டவை. அது இணையத்தில் இலவசம். அதுவும் புகையூட்டும் குளிசைக்காகச் செய்யப்பட்டது அல்ல.” இலவசத்தின் போலிக்கு 85,000!

விரிவாக எழுத நினைத்தேன், நெல் லொறி வந்துவிட்டது. குளிசை விற்பவரிடம், அதன் ஆபத்தையும் கையாளும் முறையையும் சொல்லும் பாதுகாப்புத் தரவுத்தாளைக் கேட்டு வாங்குங்கள். 16 பகுதிகள் இருக்க வேண்டும். சிந்தினால் செய்ய வேண்டியது 6ஆம் பகுதியில். செய்துகாட்டும்போது கறியுப்பையும் போடச் சொல்லுங்கள். முழுக் காசையும் முன்னே கட்டாதீர்கள். அவனுடைய விளம்பரம் இன்னும் ஓடுகிறது. கிளிநொச்சி, முல்லைத்தீவு ஆலைகளுக்கு விசேட விலைக்கழிவாம்.